இரண்டு தட்டு

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் கண்டக்டர்தான். விருந்தாளிகள் வாசலில் நின்று பேசினால்கூட உள்ளே தள்ளிப் போகச் சொல்லுவார். ஆயுசு பூராவும் ஊர் ஊராகப் போன மனுஷன், ஒரு ஊரில்கூட இறங்கிச் சுற்றிப் பார்த்ததில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவள் எங்கள் மகள். தூரத்து நகரம் ஒன்றில், பழங்காலத்து நூலகத்தைச் சுற்றிக்காட்டும் வேலை அவளுக்குக் கிடைத்தது. ஆனால் இன்னும் நிரந்தரமாகவில்லை. பேச ஆரம்பிக்கும்போது அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆரம்பித்துவிட்டால் வாயை மூட வைப்பதுதான் கஷ்டம். பள்ளிக்கூடத்தில் மேடை ஏறும்போதெல்லாம் அப்பா அவள் தோளில் இரண்டு தட்டு தட்டி அனுப்புவார். பஸ் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் வண்டி கிளம்புமே, அதே கணக்குதான்.

நூலகத்தில் ஏற்கெனவே ஒருமுறை கூட்டத்தின் முன் ஊமையாக நின்றிருக்கிறாள். இன்னொரு தடவை நின்றால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி அம்மா சொல்லிவிட்டாராம்.

அவள் சுற்றிக்காட்டுவதைப் பார்க்க நாங்கள் இருவரும் அந்த ஊருக்குப் போனோம். "அப்பா, நீங்க யாருன்னு காட்டிக்காதீங்க. தைரியத்துக்கு வீட்டு ஆளுங்கள கூட்டிட்டு வந்திருக்கேன்னு நெனச்சுக்குவாங்க" என்று கெஞ்சினாள். சரியென்று தலையாட்டிவிட்டு, டிக்கெட் வாங்கிக் கூட்டத்தோடு நுழைந்தோம்.

தரையிலிருந்து கூரைவரை கருமரத்தில் அலமாரிகள். உச்சியில் மேகமும் பறவைகளுமாக ஓவியம். உயரமான ஜன்னல் வழியே வந்த வெயில் தோல் அட்டைகளின் மேல் பொன்னாகக் கிடந்தது. இத்தனையையும் யார் தூசி தட்டுவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்புறம் அதுவும் மறந்து, வாயைப் பிளந்து நின்றேன். அவர் வழக்கம்போல எல்லோரையும் முன்னே விட்டுக் கடைசி ஆளாகக் கதவோரம் நின்றார்.

மகள் எங்கள் முன்னால் வந்து நின்றாள். வாய் திறந்தது, குரல் வரவில்லை. ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்த மேலதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

டக், டக்.

பக்கத்து அலமாரியில் அவர் இரண்டு தட்டு தட்டியிருந்தார். தொடாதீர்கள் என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே.

காவலாளி பாய்ந்து வந்தார். அதற்குள் மகளின் குரல் கிளம்பிவிட்டது. "வணக்கம். இந்த அலமாரிகள செஞ்சவங்க ஒரு ஆணிகூட அடிக்கல" என்று ஆரம்பித்தவள் நிற்கவே இல்லை. காவலாளி அவரை வெளியே அழைத்துப் போனார். இவரும் சிரித்த முகத்தோடு போனார். அத்தனை தூரம் வந்தவர் பார்த்தது முதல் அறையை மட்டும்தான்.

எல்லா அறையும் முடிந்து வெளியே வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மேலதிகாரி அம்மாவும் கூடவே வந்தார். மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, "மேடம், இவர் எங்க அப்பா" என்றாள். அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டம் வர நேரமிருக்கிறது, அழைத்துப் போய்க் காட்டு என்றார்.

இவர் நேராக டிக்கெட் கவுன்டருக்குப் போனார். எதற்கு என்றேன்.

"எறங்கிட்டா பழைய டிக்கெட் செல்லாது."

முதல் அறையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருமில்லை. மகள் ஆரம்பிக்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பழக்க தோஷத்தில் அலமாரிப் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டு, அவள் தோளில் இரண்டு தட்டு தட்டினார்.