மீனில்லாத மீன் தொட்டி

மாட்டுங்காவில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர்தான். வெயிலைக் காய்கறி வாங்கப் போகும்போது தெருவில் பார்த்துக்கொண்டால் உண்டு. தாவரவியலில் பட்டம் வாங்கியவளுக்கு அறுபதுகளின் பம்பாயில் கிடைத்த தோட்டம் ஒரு கண்ணாடித் தொட்டி. என் கணவரின் ஆபீஸ் நண்பர் மாற்றலாகிப் போனபோது விட்டுச் சென்றது. வேலைக்குப் போகட்டுமா என்று நான் கேட்டபோதெல்லாம் வாயே திறக்காதவர், அதைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"நம்மாத்துல மீனா? சிவ சிவா!" என்றார் மாமியார். ஆகவே மீன் கிடையாது, வேலம்பாசி என்கிற நீர்ச்செடி மட்டும்.

எண்ணெய் டின்னை வெட்டி மூடி செய்து, அதற்குள் பல்பு மாட்டிக் கொடுத்தார் கணவர். பகலெல்லாம் எரிந்தும் செடி வெளிறிக்கொண்டே வந்தது. எனக்குக் காரணம் தெரியும். மீன் இருந்தால் அது விடும் மூச்சில் கொஞ்சமாவது கரியமில வாயு கிடைத்திருக்கும். எங்கள் ஆசாரத்துக்குச் செடியின் பசி எங்கே தெரியப் போகிறது? அரிசி போடாமல் அடுப்பை மட்டும் எரித்துக்கொண்டிருந்தோம்.

வெல்லத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டால் புளித்து அந்த வாயு வரும் என்றேன். இரானி பேக்கரியில் ஈஸ்ட் வாங்கி வந்தவர் கணவர்தான். ஸ்குவாஷ் பாட்டிலுக்குத் தக்கை அடைத்து, ரப்பர் குழாய் சொருகித் தொட்டிக்குள் விட்டதும் அவர் கைதான். சில நாட்களில் இலை பச்சை பிடித்து, அதன் மேல் பொடிப்பொடியாகக் குமிழ் நின்றது. இருவரும் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தோம். கல்யாணமாகி முதல் தடவையாக எனக்கு ஒரு துணை இருப்பதாக நினைத்தேன். அசடு.

மதுவிலக்கு இருந்த காலம் அது. தாராவிப் பக்கம் வெல்லத்தை ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சுவது ஊரறிந்த ரகசியம். அதே வாடை எங்கள் கட்டடத்தில் வந்தால் சும்மா இருப்பார்களா? யார் போட்டுக் கொடுத்தார்களோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போலீஸ் ஹவல்தார் வந்து நின்றார். பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, "யே கிஸ்கா ஹை?" என்றார். யாருடையது?

கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னுடையதில்லை, இவளுடையது, எனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். காய்கறிக்காரனிடம் தடுமாறுகிற மனிதருக்கு அன்று இந்தி அருவியாகக் கொட்டியது.

நான் குழாயைக் காட்டினேன், குமிழைக் காட்டினேன். "பேட் கே லியே ஹவா" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் செடிக்கான காற்று என்றேன். ஹவல்தார் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். இரண்டே நிமிஷத்தில் நம்பிவிட்டார். பாட்டிலைக் கொட்டிவிடச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். யாரோ ஒரு ஹவல்தார்.

கதவைச் சாத்தியதும் கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொம்மனாட்டின்னா விட்டுடுவான். என் பேரை எழுதிண்டா வேலை போயிடுமே. ஆத்துல அத்தனை பேரும் என் சம்பளத்தைத்தானே நம்பிண்டிருக்கா."

நியாயம்தான். போவதற்கு எனக்கு வேலை ஏது? பழியை நீ ஏற்றுக்கொள்கிறாயா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.