கச்சான் என்றால் காற்று

யூடியூபில் பவுலின் புதுப் பாட்டு எது வந்தாலும், விஜிலா அதன் கீழே ஒரே ஒரு சொல்தான் எழுதுவாள்: "கேட்டேன்." நல்லாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ எழுத மாட்டாள். இறால் கம்பெனியில் கையுறையைக் கழற்றி, விரல்களைச் சுடிதாரில் துடைத்துவிட்டுப் போனில் அதைத் தட்டுவாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

அதற்கு முன்பு பவுல் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நான்கு பேர் சேர்ந்து நடத்திய ராக் குழுவில் பாடிக்கொண்டிருந்தான். டிரம்ஸ் அடித்தது விஜிலாவின் அண்ணன் ரொசாரி. ஓர் ஆடி மாதம் ரொசாரி மாமாவோடு ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போனான். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று அன்றைக்குப் படகைப் புரட்டிப் போட்டது. மாமாவை இன்னொரு படகு ஏற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் வரவில்லை. பதினைந்தாம் நாள் பவுல் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "கச்சானே, எங்க கொண்டு போன?" என்று பாடினான். அதுவரை அழாத அம்மா அன்றைக்குத்தான் அழுதாள்.

குழு கலைந்தது. பவுல் சென்னைக்குப் போய்த் தனியாகப் பாட ஆரம்பித்தான். முதல் ஆல்பத்தில் அந்தப் பாட்டு இருந்தது. அட்டையின் மூலையில் 'ரொசாரிக்கு' என்று போட்டிருந்தான். இரண்டாவதில் குரலை மழமழவென்று ஆக்கிவிட்டார்கள். மூன்றாவதில் ஊர்ப் பேச்சு 'சொல்லுதேன்' போய் 'சொல்றேன்' வந்தது. நாலாவதில் பாதி இங்கிலீஷ். எல்லாவற்றுக்கும் விஜிலா "கேட்டேன்" என்றுதான் எழுதினாள்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கச்சான் என்றால் வேர்க்கடலை. கனடாவில் அவர்கள் கூடியிருந்த ஒரு கச்சேரியில் யாரோ விளையாட்டாகக் கடலைப் பொட்டலத்தை மேடையில் வீச, கூட்டம் சிரித்துத் தீர்த்தது. பவுல் அதையே பிடித்துக்கொண்டான். பாட்டை வேகமாக்கி, கடலை வண்டியும் நடனமுமாக வீடியோ எடுத்தான். அதற்குத்தான் விஜிலா முதல்முறையாகக் கூடுதலாக எழுதினாள்: "அது காத்து. எங்க அண்ணன்." அதன் கீழே யாரோ சிரிக்கிற பொம்மையைப் போட்டிருந்தார்கள்.

இந்த ஆகஸ்டில் பவுல் தூத்துக்குடிக்குப் பாட வந்தான். விஜிலா அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வேலை பார்க்கும் முருகேஸ்வரியோடு போனாள்.

"ஏளா, உங்க ஆளுதான? கிட்டப் போயி நில்லேன்."

"வேண்டாம்க்கா. எங்க அண்ணன் பேர ஒரு தடவ சொன்னாப் போதும்."

கடைசிப் பாட்டுக்குப் பவுல் கடலைப் பொட்டலத்தை உயர்த்திக் காட்டினான். பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: "ஏலே பவுலு, கச்சான்னா காத்துலே! கடல்ல போனா தெரியும்!"

பவுல் சிரித்தான். "தெரியும் அண்ணாச்சி. காத்த யாரு காசு குடுத்து வாங்குவா?"

கூட்டம் விசிலடித்தது. பொட்டலங்கள் பறந்தன. முருகேஸ்வரி கையில் ஒன்று விழுந்தது.

"இந்தா ஏளா, தின்னு."

"நீங்க தின்னுங்கக்கா."

விஜிலா பாட்டு முடியும்வரை நின்றாள். அண்ணன் பெயர் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நின்ற கால் வலிக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு பவுலின் மூன்று பாட்டுகள் வந்திருக்கின்றன. விஜிலா இன்னும் ஒன்றையும் கேட்கவில்லை.