பிரஜை அல்லாதோருக்கு நான்கு மடங்கு

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில் நானுஓயாவுக்கு மேலே ஓர் அரசாங்கக் காட்டின் வாசலில் நான் தற்காலிக வாச்சர். உள்ளே கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பதுதான் வேலை. கிழிக்க ஆள் வந்தால்தானே? தகரக் குடிசையில் நானும் பனியும்தான். நாலைந்து நாள் பேசாமலிருந்துவிட்டு வாயைத் திறந்தால் என் குரலே யாருடையதோ போலக் கேட்கும். எப்போதாவது துரைமார் தூண்டிலோடு வருவார்கள். அவர்கள் என்னிடம் பேசியதைவிடத் தங்கள் நாயிடம் பேசியது அதிகம்.

வருஷத்தில் ஒரு நாள் எனக்குத் திருவிழா. கீழே தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், குடியிருந்த ஜனங்கள் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன், கத்திகளைக் கொண்டுவந்து காட்டுக்குள்ளிருக்கும் முனியின் காலடியில் வைப்பார்கள். ஓர் இரவு அங்கே கிடந்த கத்தி தேயிலைச் செடியைத்தான் வெட்டும், கையை வெட்டாது என்று நம்பிக்கை. கத்தியைத் தனியே விட்டுப் போகக்கூடாது. ஆகவே காவலிருப்பார்கள், தங்குவதற்குச் சீட்டும் வாங்குவார்கள். சேவல் குழம்பு கொதிக்கும்போதே என்னையும் இழுத்துப்போய் நடுவில் உட்கார வைப்பார்கள். அந்த ஒரு நாள் பேச்சை வைத்துத்தான் மிச்ச வருஷத்தை ஓட்டினேன்.

அப்போதுதான் மேலிடத்துக் கடிதம் வந்தது. கட்டணத்தை மாற்ற உத்தேசமாம். பிரஜைகளுக்குப் பழைய கட்டணம், பிரஜை அல்லாதோருக்கு நான்கு மடங்கு. ஆட்சேபம் இருந்தால் எழுதலாம். வெளிநாட்டுப் பிரயாணிகளை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் இங்கேயே பிறந்தும் பிரஜாவுரிமை கிடைக்காத எங்கள் ஜனமும் அதில் மாட்டிக்கொண்டது.

விறகுக்கு வந்த கங்காணியின் மனைவியிடம் சொன்னேன். அந்தம்மா சிரித்துவிட்டார்.

“நாலு மடங்குன்னா எங்களால முடியுங்களாய்யா? சாமிய லயத்துப் பக்கமே எறக்கிக் கும்பிட்டுக்க வேண்டியதுதான்.”

முனிக்கு எங்கே இருந்தாலும் சேவல் கிடைத்துவிடும். எனக்கு யார் இருக்கிறார்கள்?

மூன்று நாள் உட்கார்ந்து, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி ஆட்சேபம் எழுதினேன். கடைசியில் வீராப்பாக ஒரு வரி: ‘நானும் லயத்தில் பிறந்தவன், என்னிடமும் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடையாது, என்னை நம்பித்தானே இந்த வாசலை விட்டிருக்கிறீர்கள்?’ அந்த வரியை நானே பத்து முறை வாசித்து ரசித்தேன். அசடு.

ஒரே உறையில் இரண்டு பதில்கள் வந்தன. தோட்டத்து மக்களுக்குப் பழைய கட்டணமே தொடரும். வாச்சர் தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தை இரண்டு வாரத்துக்குள் காட்ட வேண்டும். காட்ட என்னிடம் என்ன இருந்தது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

ஹட்டனில் ஒரு மளிகைக்கடையில் வேலை கிடைத்தது. கடை நிறைய ஆட்கள், ஆனால் சாமான் கேட்பதோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த கவ்வாத்துக்கு முன்னால் அந்தம்மா பூசைச் சாமான் வாங்க வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பிறகு சுருங்கியது.

“ரேட்டு ஏத்தலீங்கய்யா, எங்க முனி காப்பாத்திட்டாரு. நீங்கதான் ஒரு வார்த்தகூடச் சொல்லாம போயிட்டீங்க. எங்கள மறந்துட்டீங்களேய்யா.”

சொல்லிவிட நாக்குத் துடித்தது. சொன்னால் இனி அங்கே உண்ணும் சோறு அவர்களுக்குத் தொண்டையில் இறங்காது.

“மேல குளிரு ஒத்துக்கலம்மா” என்று சொல்லி, கற்பூரத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.