அப்பாவின் வெறுங்கால்

என் அப்பா பொம்மையன் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில், ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறினார். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நடந்துகொண்டே கூறுவார். ஒரே இடத்தில் நின்றால் விலை ஏறாது என்பார்.

அவருக்குப் பல வருடச் சர்க்கரை. நான் திண்டுக்கல்லில் ஒரு மருத்துவ ஆய்வில் வேலை செய்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் மணிக்கட்டில் பட்டை கட்டி, அன்றாட நடமாட்டத்தைப் பதிவு செய்யும் ஆய்வு. பதிவுகளைப் படிப்பது என் பொறுப்பு. அப்பாவையும் அதில் சேர்த்தேன்.

"மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டிட்டியேம்மா" என்றார். ஆனால் கழற்றவில்லை.

மாசியில் அவர் நடை திடீரென்று குறைந்தது. போனில் கேட்டேன். "வரத்து இல்லம்மா" என்றார். பிறகு மறுபடி ஏறியது, முன்பைவிட மேலே. அதற்குள் பழனிக்கு மாலை போட்டிருந்தார். கோயில் பக்கமே போகாதவர் என்று நான் சிரித்தேன். மாலை போட்டவர்கள் செருப்பு அணிவதில்லை. சர்க்கரை நோயாளி வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இரண்டும் எனக்குத் தெரியும். சேர்த்து யோசிக்கவில்லை. ஆய்வுக் கூட்டத்தில், பெயர் சொல்லாமல், அவருடைய வரைபடத்தைத்தான் காட்டினேன். நல்ல முன்னேற்றம் என்றேன்.

பங்குனி உத்திரம் முடிந்தும் அவர் மாலையைக் கழற்றவில்லை. சித்திரை வெயிலில், தார் ரோட்டில் பாதம் வெந்தது அவருக்குத் தெரியவில்லை. கொப்புளம் உடைந்து, சீழ் பிடித்து, காய்ச்சல் வந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வந்தார். நர்ஸ் ரஃபியா காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"வலிக்கலையாய்யா?"

"வலிச்சிருந்தா வந்திருப்பேனே தாயி."

ரஃபியா போன பிறகு அப்பா சொன்னார். கால் மரத்துப்போய், செருப்பு நழுவுவதே அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஏலத்தின் நடுவே ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு நடந்திருக்கிறார். சுமை தூக்கும் ராமர் பார்த்துவிட்டார். "ஏனுங்கண்ணே, உங்க செருப்பு அங்கயே நின்னு ஏலம் கேக்குதுங்க."

கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்திருக்கிறார். மறுநாளிலிருந்து ஒரே இடத்தில் நின்று கூறினார். விலை ஏறவில்லை.

"மாலை போட்டுட்டா, ஏன் வெறுங்காலுன்னு எவனும் கேக்க மாட்டான். யார்ட்டயும் சொல்லிராதம்மா."

குதிகாலில் வார் வைத்த செருப்பு கடைகளில் கிடைக்கிறது. போட்டால் நழுவாது. ஆய்வுக்கு வந்த மற்றவர்களுக்கெல்லாம் நானே அதைச் சொல்லியிருக்கிறேன்.

காலை எடுக்க நாள் குறித்தார்கள். அதற்கு முன்பே விஷம் இரத்தத்தில் ஏறி, இறந்துபோனார்.

துக்கத்துக்கு வந்த ராமர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது.

"மாலையோடவே போயிட்டாருங்க பாப்பா. அந்த வெயில்லயும் வெறுங்கால்தானுங்க. அம்புட்டு பக்தி நமக்கெல்லாம் வராதுங்க."

சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். ராமர் என் பதிலுக்காக நின்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.