அக்கா மிதித்த பாட்டு

நெடுங்கேணி பஸ்ஸில் இன்றைக்கு, ஒருகாலத்தில் ஊரெல்லாம் முணுமுணுத்த பொப் பாட்டொன்றை யாரோ ஒரு பிள்ளை புதுக் குரலில் பாடியது ஸ்பீக்கரில் போனது. பக்கத்தில் அக்கா இருந்தா. பற்றரி கிடைக்காத யுத்த காலத்தில், நாங்கள் இருந்த தர்மபுரத்து ஓலைக் கொட்டிலுக்குள், ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளை அவா மிதிக்க மிதிக்க, டைனமோ கரண்டில் சுழன்ற கசெற்றில் இதே பாட்டு எழும்பி, இரண்டாம் சரணத்தில் அவாவுக்குக் கால் உளைய, பாடகரின் குரலும் இழுபட்டுத் தடித்துப்போகும். சின்னனுகள் நாங்கள் "மிதியுங்கோ அக்கா" என்று கத்துவோம்.

இன்றும் இரண்டாம் சரணம் வந்தபோது என் கால்விரல்கள் இறுகின. பாட்டு தொய்யாமல் போனது.

அக்கா கால்களை நீட்டிக்கொண்டு சொன்னா: "அப்ப எனக்கு என்ரை மூச்சுத்தான் கேட்டது. இண்டைக்குத்தான் பாட்டைக் கேக்கிறன்."