இன்று நான்காவது டே ஆர்டர்

சொல்லப்போவது மூன்று:
1. ஒரகடம் பேருந்தில் செல்வி கேட்ட கேள்வி.
2. அவள் இந்தப் பருவத் தொடக்கத்திலேயே எங்கள் கல்லூரியை விட்டுப் போய்விட்டாள்.
3. வகுப்பில் நான் கேட்ட குரல்.

கல்லூரியின் ஆண்டு அட்டவணையைத் தயாரிப்பவன் நான். விடுமுறைகளால் பாடவேளை குழம்பாமலிருக்க, கிழமைக்குப் பதிலாக ஒன்று முதல் ஆறு வரை டே ஆர்டர் போடுவோம்.

காலையில் பேருந்தில், கம்பெனிச் சீருடையோடு செல்வி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், இன்னைக்கு நாலாவது டே ஆர்டர்தான?"

"ஆமாம்மா. உனக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணிக்கிட்டேதான் சார் இருக்கேன். ஷிப்ட் மாறி மாறிக் கிழமைதான் மறந்துபோச்சு. பரீட்சை எழுத விடுவாங்கள்ல?"

வருகை குறைந்தால் விடமாட்டார்கள். அதைச் சொல்லத் தைரியமில்லாமல் இறங்கிவிட்டேன்.

முதல் வேளை அவள் வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை. நானே பதிவேட்டை எடுத்தேன். அதில் செல்விக்கு ஒரு நாள்கூட விடுப்பில்லை. பெயரைப் படித்தேன்.

"பிரசன்ட் சார்."

குரல் கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. அங்கே யாருமில்லை. வகுப்பே என்னைப் பார்த்தது, ஒருவரும் சிரிக்கவில்லை.

"அடுத்த பேரு படிங்க சார்," என்றாள் முன் பெஞ்சுப் பெண், மெதுவாக.

டிக் போட்டுவிட்டு அடுத்த பெயரைப் படித்தேன்.

உங்கள் வகுப்பில் யாருக்காவது இப்படிக் குரல் கேட்டதுண்டா? எனக்குக் காதும் கொஞ்சம் மந்தம்தான்.

ஆனால் மேலே எழுதிய இரண்டாவது குறிப்பு தவறு. பதிவேட்டின்படி செல்வி இன்னும் எங்கள் மாணவிதான்.