ஷீட்டு போட்ட பிறகு

எங்கள் குலசேகரத்தில் ஷீட் என்றால் ரப்பர் ஷீட்தான். ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, துணி மாதிரி கொடியில் காயப்போட்டிருப்பார்களே, அது. உலகத்தில் வேறு ஷீட்டும் உண்டு என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்பா லாரி ஓட்டினார். இங்கே ரப்பர் ஏற்றி நாகர்கோவிலில் இறக்குவது வேலை. கிழட்டு லாரி. அதன் இஞ்சின் அப்பாவின் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே ஓர் இரும்பு மூடிக்குள் கிடந்து உறுமும். அந்த மூடியின் மேல் வைத்த சோற்றுப் பொதி மத்தியானம் வரை சூடு ஆறாது. என் பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் என்பதால் காலையில் நானும் ஏறிக்கொள்வேன். பஸ்ஸில் வருகிற பிள்ளைகளை நான் மதித்ததே இல்லை.

அந்த வருடம் அப்பாவுக்குக் கால் எரியத் தொடங்கியது. வேலை முடிந்து வந்ததும் இரண்டு பாதங்களையும் வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். லாரி ஓடாத ஞாயிற்றுக்கிழமையும் எரிந்தது. "வாரம் முழுக்க ஏறின சூடுல்லா, ஒரு நாளுல எறங்குமா?" என்று அம்மா அதற்கும் காரணம் வைத்திருந்தாள். அப்பா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், சட்டை தொளதொளக்கும்படி மெலிந்தார். எல்லாப் பழியும் இஞ்சின் தலையில் விழுந்தது. வாயில்லாத அதுவும் வாங்கிக்கொண்டது.

துபாயில் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்த மாமாவிடம், அம்மா போனில் தன் புருஷனின் காலைப் பற்றிச் சொல்லி அழுதாள். "இதுக்கா அழுக? அத்தான்கிட்ட ஒரு ஷீட்டு போடச் சொல்லுக்கா, சூடு அண்டாது" என்றார் மாமா. அப்பா மறுநாளே கழித்துப் போட்ட ரப்பர் ஷீட்டுகளைக் கொண்டுவந்து, மடித்து மடித்துத் தன் காலடியில் பரப்பினார். தக்கலை வருவதற்குள் அவை உருகிக் களியாகிப் புகைந்தன. செருப்பு அதில் ஒட்டிக்கொண்டது. வண்டியை ஓரங்கட்டி, வெறுங்காலோடு தார் ரோட்டில் குதித்து, "யம்மோ, யம்மோ" என்று அப்பா போட்ட ஆட்டத்தைப் பார்த்து எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. "சிரிக்காதட்டி, காலு போவுது" என்று அவர் கத்த, நான் இன்னும் சிரித்தேன்.

மாமா லீவில் வந்தபோது இந்தக் கதையைக் கேட்டு அவரும் சிரித்தார். பிறகு பெட்டியைத் திறந்து அசல் ஷீட்டை எடுத்தார். ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மின்னியது, மறுபக்கம் பஞ்சு. அது பெட்டியை அடைத்துக்கொண்டதால் அந்தத் தடவை சாக்லேட் குறைவு. ஒரு பகல் முழுக்க லாரிக்குள் குனிந்து கிடந்து, மூடியின் அடியிலும் அப்பாவின் காலடியிலும் அதை அளவாக வெட்டி ஒட்டி, மேலே தகரம் அடித்தார். என் பக்கத்துக்கு வரும்போது ஷீட் தீர்ந்துவிட்டது. "ஒனக்கு அடுத்த லீவுக்குக் கொண்டாறேன் மக்கா" என்றார்.

முதலில் பெரிய மாற்றமில்லை. பிறகு எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அடியோடு நின்றே போனது. வாளி கிணற்றடிக்குத் திரும்பியது. அம்மா தன் தம்பியின் கெட்டிக்காரத்தனத்தைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள். "ஐஸ் மாதிரில்லா கெடக்கு" என்று அப்பா காலால் தகரத்தைத் தட்டிக் காட்டுவார். என் பக்கம் பழையபடியே கொதித்தது. இருக்கையில் காலை மடக்கி வைத்துக்கொண்டு, அவருடைய பாதங்களைப் பொறாமையோடு பார்ப்பேன்.

ஒரு காலையில் வண்டிக்குள் கருகிய நாற்றம் வந்தது. சொன்னேன். "ரப்பர் வண்டியில பின்ன மல்லிப்பூவா மணக்கும்?" என்றார் அப்பா. பள்ளிக்கூட வாசலில் என்னை இறக்கிவிட அப்பா இறங்கியபோதுதான் நான் பார்த்தேன். காலடித் தகரம் ஒரு மூலையில் பெயர்ந்து, உள்ளே ஷீட் கிழிந்திருந்தது. அப்பாவின் செருப்பு உருகிக் குதிகாலோடு ஒட்டியிருந்தது. அவர் அதைப் பிடித்து இழுத்தார். தோலும் கூடவே வந்தது.

அவர் குதிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வலிக்கல்லியாப்பா?"

"ஒண்ணும் இல்ல மக்கா. பெல்லடிக்கப் போவுது, நீ போ."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அப்பாவை நெருப்பே சுடாது என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன்.

புண் ஆறவில்லை. வலி இல்லையே என்று அப்பா துணியைச் சுற்றிக்கொண்டு லாரி ஓட்டினார். கால் கறுத்து, வீட்டுக்குள் வாடை வீசத் தொடங்கிய பிறகுதான் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை வியாதி ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, பாதத்தில் உணர்ச்சியே செத்துவிட்டது, முட்டுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மாமா அவசரமாகப் புறப்பட்டு வந்து கட்டிலருகே நின்றார்.

"முன்னாடி காலு எரிஞ்சிருக்குமே, அது எப்போ நின்னுது?" என்று டாக்டர் கேட்டார்.

அந்த நிலையிலும் அப்பாவின் முகம் மலர்ந்தது. "இவன் நம்ம மச்சினனாக்கும் சார். இவன் ஷீட்டு போட்டான். அதுக்குப் பொறவு எரிச்சலே கெடையாது."

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. இத்தனை பேர் முன்னால் புகழ்ந்துவிட்டதால் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அந்தப் புகழ்ச்சியில் அவர் மகிழ்ந்திருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது என்று பட்டது. கிட்டப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, எம் பக்கத்துக்கு ஷீட்டு கொண்டாந்தியளா?"